நாமா, நாங்களா?

தமிழ் நாளிதழ் டெஸ்க்கில் ‘நம்பிக்கை’ என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. ‘தனிப் பெரும்பான்மை பெறுவோம்: மாவட்டச் செயலாளர் நம்பிக்கை’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழேயே ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோல்வி’. பக்கத்துப் பத்தியில் ‘நம்பிக்கைத் துரோகம்: கூட்டணிக் கட்சி காட்டம்’. இணைப்பிதழில் தன்னம்பிக்கை வளர்க்க ஐந்து வழிகள். தேர்தல் நேரத்தில் டெபாசிட் இழக்கப்போகிற வேட்பாளர்கூட ‘நம்பிக்கை’ தெரிவிக்காமல் இருப்பதில்லை. இப்படி நைந்துபோன சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் பராக் ஒபாமா போன்ற ஒருவரின் பேச்சைத் தமிழில் எழுத உட்கார வேண்டியிருக்கிறது. ‘மாற்றம் வரும்: ஒபாமா நம்பிக்கை’ என்று தலைப்பு வைத்தால் இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் அது மாவட்டச் செயலாளர் வரிசையில் அவரையும் கொண்டுபோய் நிறுத்திவிடும். லட்சக்கணக்கானவர்களை வாக்குச்சாவடிக்கு நடக்க வைத்த பேச்சு அந்தத் தலைப்பில் இருக்காது.

அந்தப் பேச்சுகளில் மக்களை ஈர்த்தது ‘ஹோப்’ என்ற சொல் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். வரிவரியாகத் தமிழுக்குக் கொண்டுவரும்போது வேறொன்று தெரிகிறது. சுமையெல்லாம் ‘வி’ என்கிற சின்னஞ்சிறு சொல்லின் தலையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ஒரே சொல். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம். வெளியே நிறுத்திவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் பேசுகிறவர் இரண்டுக்கும் நடுவில் வசதியாக நின்றுகொள்ளலாம். தமிழில் எழுதுகிறவர் ஒவ்வொரு இடத்திலும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

2004 ஜூலை 27 அன்று பாஸ்டனில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஒபாமா பேசியது ஏறக்குறைய 17 நிமிடம். அப்போது அவர் இல்லினாய் மாநில செனட்டர். அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். மாநாட்டின் நாயகன் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரி. பேச்சின் இறுதிப் பகுதியில் நம்பிக்கை பற்றி ஒரு அடுக்கு வருகிறது. தமிழில் ஏறக்குறைய இப்படி:

“தீயைச் சுற்றி அமர்ந்து விடுதலைப் பாட்டுப் பாடிய அடிமைகளின் நம்பிக்கை, தொலைதூரக் கரைகளை நோக்கிப் புறப்பட்ட குடியேறிகளின் நம்பிக்கை, மீகாங் கழிமுகத்தில் தீரத்தோடு ரோந்து சுற்றிய இளம் கடற்படை அதிகாரியின் நம்பிக்கை, எதிர்நின்ற தடைகளை மீறத் துணிந்த ஆலைத் தொழிலாளி மகனின் நம்பிக்கை, அமெரிக்காவில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று எண்ணும், வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒல்லிப் பையனின் நம்பிக்கை.”

மூலத்தில் ‘ஹோப்’ ஒவ்வொரு தொடரின் முதலிலும் வரும். தமிழில் அது வால் பக்கம்தான் வர முடியும். மூலத்தைப் போலவே வேண்டும் என்று ‘நம்பிக்கை... அடிமைகளுடையது’ என்று திருப்பி எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. விளம்பர வாசகம் மாதிரி ஆகிவிடும். கடைசியில் வரட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. நம் யாப்பில் அடியின் ஈறு ஒன்றி வருவதற்கு இயைபு என்று பெயரே இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அது பழகிய ஓசை. ஒரே ஒரு இடத்தில் கவனம் தேவை. கடைசித் தொடரில் ‘நம்புகிற’ என்று ஒரு வினை வருகிறது. அதை அப்படியே எழுதினால் ‘நம்பும் பையனின் நம்பிக்கை’ என்று இடிக்கும். அதனால்தான் ‘எண்ணும்’. ‘வேடிக்கையான பெயர்’ என்று எழுதினால் சிரிப்பு வரும், பொருள் வராது. வாயில் நுழையாத பெயர் என்றால் தெருமுனை டீக்கடை வரைக்கும் புரியும்.

இந்த அடுக்கில் இன்னொரு வேலையும் ஒளிந்திருக்கிறது. கடற்படை அதிகாரி யார்? வியட்நாம் போரில் படகு ஓட்டிய கெர்ரி. ஆலைத் தொழிலாளி மகன்? துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸ். அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். அடிமைகளிலும் குடியேறிகளிலும் தொடங்கி, கட்சியின் இரண்டு வேட்பாளர்களையும் அந்த வரிசையில் உட்கார வைத்து, கடைசி நாற்காலியில் தானும் உட்கார்ந்துகொள்கிறார். தமிழ் வாசகருக்கு இது தெரியாவிட்டால் ஐந்தும் அழகான படங்களாக மட்டும் நிற்கும். அடைப்புக்குறி போட்டு விளக்கினால் ஓட்டம் அறுந்துபோகும். செய்தியின் முன்பத்தியிலேயே கெர்ரியின் கடற்படைச் சேவையையும் எட்வர்ட்ஸின் தந்தை ஆலையில் வேலை பார்த்ததையும் ஒரு வாக்கியத்தில் சொல்லி வைத்துவிட்டால், மேற்கோள் வரும்போது வாசகர் தானே பிடித்துக்கொள்வார்.

அதே பேச்சில் சிவப்பு மாநிலங்கள், நீல மாநிலங்கள் என்று ஓர் இடம். ‘சிவப்பு மாநிலம்’ என்று அப்படியே போட்டால் நம் ஊர் வாசகர் கேரளத்தை நினைப்பார். அங்கே சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி. 2000 தேர்தல் இரவின் தொலைக்காட்சி வரைபடங்களுக்குப் பிறகு நிலைத்துப்போன வழக்கு. ‘குடியரசுக் கட்சியின் சிவப்பு மாநிலங்கள்’ என்று முதல் முறை முழுதாக எழுதிவிட்டால் போதும். அதைவிடச் சிக்கலானது, தாராளவாத அமெரிக்கா பழமைவாத அமெரிக்கா என்று இரண்டு இல்லை என்று சொல்லிவிட்டு, நாட்டின் முழுப்பெயரைச் சொல்லி முடிக்கும் வரி. அங்கே பெயரில் உள்ள ‘ஒன்றுபட்ட’ என்பதுதான் வாதமே. நாம் வழக்கமாக ‘அமெரிக்கா’ என்று சுருக்கி எழுதுகிறோம். சுருக்கினால் வரி செத்துவிடும். ‘ஐக்கிய நாடுகள்’ என்று கை வேகத்தில் எழுதினால் ஐ.நா. சபையாகிவிடும், ப்ரூஃபில் சிக்கிய பிழைதான் இது. ‘ஒன்றுபட்ட அமெரிக்க மாநிலங்கள்தான் உண்டு’ என்று அந்த ஓர் இடத்தில் மட்டும் பெயரைப் பொருளாகவே பெயர்த்துவிட வேண்டியதுதான்.

நேரலையில் இதே வரி வேறு விதமாகக் காலை வாரும். ஆங்கிலத்தில் ‘இல்லை’ முதலில் வந்துவிடும். தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில். ‘ஒரு தாராளவாத அமெரிக்காவும் ஒரு பழமைவாத அமெரிக்காவும்...’ என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினால், நேர் எதிரான பொருள் காற்றில் நிற்கிறது. அதற்குள் அங்கே கைதட்டல். தேர்ந்த நேரலை மொழிபெயர்ப்பாளர் உடைத்துவிடுவார்: தாராளவாத அமெரிக்கா என்று ஒன்று இல்லை, பழமைவாத அமெரிக்கா என்று ஒன்று இல்லை. பேச்சுக்கு இரண்டு மூன்று விநாடி பின்னால் போவதே தாங்கும் அளவு. 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அதைத் தாண்டினால் பிழை கூடுவது பேசுகிறவருக்கே தெரியாது. நம் தேர்தல் மேடைகளில் டெல்லித் தலைவர்களுக்கு வரிக்கு வரி மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஒற்றை ஆளாக ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். பேச்சின் நீளமும் இரட்டிப்பாகும். தலைவர் ஒரு நகைச்சுவை சொல்லி, மொழிபெயர்ப்பு வருவதற்குள் தானே சிரித்து முடித்துவிடுவார்.

சரி, ‘நாம்’ விஷயத்துக்கு வருவோம். 2008 ஜனவரி 8, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஐந்து நாள் முன்புதான் ஐயோவாவில் ஒபாமா வென்றிருந்தார். இங்கே ஹில்லரி கிளின்டனிடம் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். ‘எஸ் வி கேன்’ உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது தோற்ற இரவில் பேசிய பேச்சிலிருந்து. செய்தியை எழுதுகிறவர் இதைக் கோட்டைவிடக் கூடாது. வெற்றி முழக்கமாக மொழிபெயர்த்தால் தொனியே மாறிவிடும். தோல்வி இரவில், மேடைக்குக் கீழே முகம் தொங்கிப்போய் நிற்கும் ஆதரவாளர்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது.

தமிழில் அதை ‘ஆம், நம்மால் முடியும்’ என்று எல்லோரும் எழுதினார்கள். ‘ஆம்’ தேவையா? தமிழில் ‘முடியுமா?’ என்று கேட்டால் ‘முடியும்’ என்பதுதான் பதில். வினையைத் திருப்பிச் சொல்வதிலேயே ‘எஸ்’ அடங்கிவிடுகிறது. ‘ஆம்’ என்று பேச்சுவழக்கில் யாரும் சொல்வதும் இல்லை. ஆனாலும் டிவியின் அடியில் ஓடும் டிக்கரில் ‘நம்மால் முடியும்’ என்று மட்டும் ஓடினால் தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பு விளம்பரம் போல் தெரிகிறது. ‘ஆம்’ சேர்ந்தால் யாரோ ‘முடியாது’ என்று சொன்னதற்குப் பதில் என்று தெரிகிறது. முதல் முறை ‘ஆம்’ போட்டு, அடுத்தடுத்த முறைகளில் விட்டுவிடுவது கைகண்ட வழி.

இந்த முழக்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 1972இல் அரிசோனாவில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் சேசர் சாவேஸ் உண்ணாவிரதம் இருந்தபோது டோலோரஸ் வெர்த்தா எழுப்பிய ஸ்பானிய முழக்கம்: ‘சீ, சே புவேதே’. அதில் ‘நாம்’ கிடையாது. ‘முடியும்’ என்பது மட்டும்தான்; யாரால் என்று சொல்வதில்லை. நம் ‘முடியும்’ அதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் ‘வி’ வந்து ஒட்டிக்கொண்டது, அதற்குப் பிறகு எல்லாம் அந்த ஒட்டிக்கொண்ட சொல்லின் வேலையாகிவிட்டது. எங்களால் முடியும் என்று எழுதினால் கட்சிக்காரர்களின் சவால். நம்மால் முடியும் என்றால் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பவரையும் சேர்த்து இழுக்கிறது. நம் ஊரில் முன்பின் தெரியாதவரிடம்கூட ‘நம்ம கடைதான், உட்காருங்க’ என்பார்கள். கேட்பவருக்குக் கடையில் பங்கு எதுவும் கிடையாது, ஆனாலும் உட்கார்ந்துவிடுவார்.

நாஷுவா பேச்சில் ஒரு பொறியும் இருக்கிறது. நிலவைத் தேர்ந்தெடுத்த அதிபர் என்று ஒருவர் வருகிறார். அது கென்னடி, யாரும் தவறவிட மாட்டார்கள். அடுத்து ‘மலையுச்சிக்கு நம்மை அழைத்துச் சென்று, வாக்களிக்கப்பட்ட தேசத்துக்கு வழி காட்டிய ஒரு கிங்’. காதால் கேட்டு எழுதுகிறவர் ‘ஒரு மன்னர்’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. அது மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 3 அன்று மெம்ஃபிஸில் பேசிய அவருடைய கடைசிப் பேச்சின் மலையுச்சி. மறுநாள் அவர் கொல்லப்பட்டார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இல்லாததால் சிலேடையைக் காப்பாற்ற வழியில்லை. பெயரை முழுதாகப் போட்டுவிட்டுச் சிலேடையைத் தியாகம் செய்யலாம். அல்லது ‘கிங் என்ற பெயருக்கேற்ற ஒருவர்’ என்று சுற்றி வளைக்கலாம். முன்னதே மேல்.

அதே பேச்சில் தமிழுக்கென்றே காத்திருந்தது போல ஒரு வரி. அதற்குச் சில நாள் முன்பு நடந்த விவாதத்தில் கிளின்டன், பொய்யான நம்பிக்கைகளைக் கிளப்பிவிடக் கூடாது என்ற பொருளில் பேசியிருந்தார். நாஷுவாவில் அதற்குப் பதில் வந்தது. அமெரிக்கா என்ற இந்த நடக்கவே வாய்ப்பில்லாத கதையில் நம்பிக்கை ஒருபோதும் பொய்யானதாக இருந்ததில்லை என்றார். ‘பொய்யான நம்பிக்கை’ என்று பல பிரதிகளில் வந்தது. நம்மிடம் அதற்கு ஒரே சொல் இருக்கிறது: நப்பாசை. ‘இந்தக் கதையில் நம்பிக்கை ஒருபோதும் நப்பாசையாக இருந்ததில்லை.’ மூலத்தில் இல்லாத மோனைகூடக் கிடைத்துவிடுகிறது. தமிழில் எழுதியது மூலத்தைவிட நன்றாக அமையும் அரிய தருணம் இது. அமைந்ததும் ஒரு முறை சந்தேகப்பட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. அடுக்குமொழி ஆசை பொல்லாதது. திராவிட இயக்க மேடைத் தமிழைக் கேட்டு வளர்ந்த கைக்கு எதுகையும் மோனையும் தானாக ஓடிவரும். நான்கு வரியில் ஒபாமா அண்ணா நகர் பொதுக்கூட்டத்தில் பேசுகிறவர் மாதிரி ஆகிவிடுவார். அவருடைய மேடைமொழி கறுப்பினத் தேவாலயத்திலிருந்து வருகிறது. எளிய சொல், நீண்ட வாக்கியம், திரும்பத் திரும்ப வரும் ஒரு பல்லவி.

தேவாலயம் என்றதும் ஒரு நல்ல செய்தி. ‘ஃபெய்த்’, ‘ஹோப்’ என்ற இரண்டுக்கும் ‘நம்பிக்கை’ என்றே எழுதித் தவிக்கிறோம் அல்லவா, தமிழ் வேதாகமம் அந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது’ என்பது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம். ஆக, விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. அமெரிக்க அரசியல் பேச்சு எதை மொழிபெயர்த்தாலும் மேசையில் தமிழ் பைபிள் ஒன்று இருக்க வேண்டும். பாஸ்டன் பேச்சில் ‘என் சகோதரனுக்கு நான் காவலாளி’ என்ற வரி வந்தது. ஆதியாகமத்தில் காயீன் ‘என் சகோதரனுக்கு நான் காவலாளியோ’ என்று தட்டிக் கழிப்பதைத் திருப்பிப் போட்ட பதில் அது. ‘சகோதரனைப் பாதுகாப்பவன்’ என்று புதிதாகப் பெயர்த்தால் அந்தப் பழைய கேள்வி காணாமல் போகும். 2008 ஆகஸ்ட் 28 அன்று டென்வரில் 84,000க்கும் மேற்பட்டோர் முன்னால் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது, எபிரெயர் நிருபத்தின் வசனத்தைச் சொல்லித்தான் முடித்தார். தமிழில் அது ‘நம்முடைய நம்பிக்கையை அறிக்கையிடுகிறதில் அசைவில்லாமல் உறுதியாயிருக்கக்கடவோம்’. பழைய நடை என்று மாற்றத் தோன்றும். மாற்றாமல் விடுவதே சரி. மூலத்திலும் வேத வாக்கு என்று சொல்லித்தான் எடுத்தாள்கிறார்.

‘நாம்’ மிகவும் படுத்திய பேச்சு 2008 மார்ச் 18, பிலடெல்பியா. அவருடைய திருச்சபைப் போதகரின் பேச்சுகள் சர்ச்சையாகி, பிரசாரமே ஆட்டம் கண்ட நேரம். 37 நிமிடம் இனம் பற்றி மட்டும் பேசினார். தொடக்கமே அரசியல் சாசனத்தின் ‘வி த பீப்பிள்’. தமிழில் தயக்கமின்றி ‘மக்களாகிய நாம்’ என்று வந்துவிடும். நம் சாசனத்தின் முகப்புரையைப் பள்ளிப் பாடநூலில் ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று படித்த பழக்கம். ஆனால் 1787இல் அதை எழுதியவர்களின் ‘வி’க்குள் அடிமைகள் இல்லை. உண்மையில் அது ‘நாங்கள்’. எழுதியது ‘நாம்’ போல. அந்த ‘நாங்கள்’ 221 ஆண்டுகளில் எப்படி ‘நாம்’ ஆகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்தப் பேச்சின் முழுச் சாரமும். ஆங்கிலத்தில் கேட்டால் மறைந்திருப்பது, தமிழில் எழுதும்போது பல்லிளிக்கிறது.

பின்னால் ஓரிடத்தில், கறுப்பினச் சமூகத்துக்கான பாதை என்பது ‘அவர்’ கடந்த காலத்தின் சுமைகளை ஏற்றுக்கொண்டு, அதன் பலிகளாக ஆகிவிடாமல் இருப்பது என்கிறார். ‘அவர்’ என்பது இங்கே ஆங்கிலத்தின் உடைமைச் சொல். எங்கள் என்பதா, நம் என்பதா? கேட்டுக்கொண்டிருந்த நாட்டில் பெரும்பான்மை வெள்ளையர். ‘எங்கள்’ என்றால் அந்த நொடியில் அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, தன் இனத்தவனாகப் பேசுகிறார். ‘நம்’ என்றால் அந்தச் சுமை எல்லோருக்கும் பொதுவாகி, யாருடையது என்ற கூர்மை மழுங்கிவிடுகிறது. ‘தன் கடந்த காலம்’ என்று படர்க்கையில் நழுவுவது மூன்றாவது வழி, அது கோழைத்தனம். ‘எங்கள்’ என்பதே என் கட்சி. அடுத்த பத்தியில் அவர் ‘நாம்’ என்று திரும்பி வரும்போது அந்த மாற்றத்தின் கனம் வாசகருக்குத் தெரியவேண்டுமானால், இங்கே வெளியே போயிருக்கத்தான் வேண்டும்.

வேலைமுறை என்று பார்த்தால், இப்படித்தான் போகும். பேச்சுக்குச் சற்று முன்னால் தயாரித்த உரை தடைக்குறிப்போடு வரும்: பேசி முடிக்கும்வரை வெளியிடக் கூடாது. அதை அச்செடுத்து, எல்லா ‘வி’, ‘அவர்’, ‘அஸ்’ சொற்களையும் பென்சிலால் குறிக்க வேண்டும். நாம் என்றால் வட்டம், நாங்கள் என்றால் கட்டம், தெரியாவிட்டால் கேள்விக்குறி. பக்கத்தில் வட்டங்கள் கூடிக்கொண்டே போனால் பேச்சு எந்தத் திசையில் ஓடுகிறது என்று மொழிபெயர்க்கும் முன்பே தெரிந்துவிடும். அடுத்து பைபிள், லிங்கன், கிங் என்று எடுத்தாளப்பட்டவற்றின் பட்டியல். மூன்றாவது, பல்லவி. வேறெதையும் தொடும் முன் அதைத் தமிழில் முடிவுசெய்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கடைசியில் பல்லவிக்குச் சொல் தேடினால் முன்னால் எழுதிய எல்லா வாக்கியங்களையும் அதற்கேற்பத் திருப்ப வேண்டிவரும். பேச்சு தொடங்கியதும் உரையையும் குரலையும் ஒப்பிட்டு மாறிய இடங்களைத் திருத்த வேண்டும். தயாரித்த உரையில் இருந்து பேசாமல் விட்ட வரியை மேற்கோளாகப் போடுவது இந்தத் தொழிலின் மிகச் சாதாரணமான, மிக அவமானமான பிழை.

நீளக் கணக்கு: ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் தமிழில் முக்கால்வாசிதான் வரும், விகுதிகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் ஒட்டுநிலை மொழி என்பதால். ஆனால் பத்தி இடத்தை அதிகம் பிடிக்கும், வாயால் சொல்லவும் அதிக நேரமாகும். ஆகவே சப்டைட்டிலுக்கு மூன்றில் ஒரு பங்கையாவது வெட்டியாக வேண்டும், வெட்டும்போது முதலில் பறிபோவது திரும்ப வரும் சொற்கள். பல்லவியை வெட்டிவிட்டுக் கருத்தை மட்டும் வைத்தால் மிஞ்சுவது பட்ஜெட் உரை.

நேரக் கணக்கிலும் சறுக்கல் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். 2008இல் கடிகாரம் மாறியது தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு. நவம்பர் 4 இரவு 11 மணிக்கு அங்கே முடிவு அறிவிக்கப்பட்டபோது இங்கே 5ஆம் தேதி காலை ஒன்பதரை. சிகாகோ கிராண்ட் பார்க்கில் பேசத் தொடங்கியபோது பத்தரை. காலைப் பதிப்பு வாசகர் கைக்குப் போய்விட்ட நேரம். மாலைப் பத்திரிகைக்கும் டிவிக்கும் கிடைத்த பேச்சு அது.

அந்த இரவின் முதல் வாக்கியம் தமிழுக்கு இணங்கி வரும் அபூர்வ வாக்கியம். அமெரிக்காவில் எல்லாம் சாத்தியம் என்பதை இன்னும் ஐயுறுகிறவர், நாட்டை நிறுவியோரின் கனவு உயிரோடு இருக்கிறதா என்று இன்னும் யோசிக்கிறவர், நம் ஜனநாயகத்தின் வலிமையை இன்னும் கேள்வி கேட்கிறவர் யாராவது இருந்தால், இன்றிரவே உங்களுக்குப் பதில். முக்கியமான சொல் கடைசியில் வருவதால் தமிழ் இயல்பாக அதோடு நடந்துபோகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: ‘யாராவது’ என்று படர்க்கையில் தொடங்கி ‘உங்களுக்கு’ என்று முன்னிலையில் முடிகிறது. ‘அவர்களுக்கு’ என்று சமன்செய்துவிட்டால், திரும்பிப் பார்த்த முகம் மீண்டும் அந்தப் பக்கம் போய்விடும்.

டென்வர் உரைக்கு மீண்டும் போக வேண்டும், அங்கே ‘நான்’ அதிகம். உழைக்கும் குடும்பங்களில் 95 விழுக்காட்டினருக்கு வரிக்குறைப்பு, பத்தாண்டுகளில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு 15,000 கோடி டாலர் முதலீடு. இலக்கை வைப்பேன் என்பது நான். மத்திய கிழக்கு எண்ணெயைச் சார்ந்திருப்பதைப் பத்தாண்டில் ஒழிப்போம் என்பது நாம். ஒரே வாக்கியத்துக்குள் கைமாறுகிறது. அந்த உரையின் பல்லவி ‘ப்ராமிஸ்’. வாக்குறுதி என்று எழுதினால் தேர்தல் அறிக்கை வாடை. வாக்குத்தத்தம் என்றால் பிரசங்கம். நமக்கு ‘வாக்கு’ என்பது சொல்லும் ஓட்டும் இரண்டும்தான். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர், தேர்தல் நாளில் திசை மாறிக்கொள்கிறது. ‘அமெரிக்கா தந்த வாக்கு’ என்று எழுதினால் ஓரளவு தேறும்.

தமிழ்நாட்டுத் தேர்தல் மொழி இந்த விஷயத்தில் நேர்மையானது என்று தோன்றும். 1967இல் திமுகவின் அரிசி முழக்கம்: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். எது நம்பிக்கை, எது வாக்குறுதி என்று முழக்கத்திலேயே கோடு கிழித்துவிட்டார்கள். நிச்சயம் என்ற ஒரு படியே பிறகு எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம். ஒபாமாவின் பேச்சில் அந்தக் கோடு இல்லை. 2009 ஜனவரி 22 அன்று, பதவியேற்ற மூன்றாம் நாள், கியூபாவில் அமெரிக்க ராணுவம் நடத்தும் குவான்டனமோ சிறையை ஓராண்டுக்குள் மூட ஆணையிட்டார். அவருடைய பதவிக்காலம் முடிந்த நாளில் அங்கே 41 பேர் இருந்தார்கள். 2010 மார்ச் 23 அன்று மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார், அது நிலைத்து நின்றது. பழைய பிரதிகளை எடுத்துப் பார்த்தால், வட்டம் போட்ட வரிகளைவிட ‘நான்’ வரிகள்தான் விரைவில் சரிபார்க்கக் கிடைக்கின்றன. ‘நாம்’ வரிகளை எந்தத் தேதியில் யாரிடம் போய்க் கேட்பது?

2017 ஜனவரி 10 அன்று சிகாகோவில் விடைபெறும் உரை. நமக்கு 11ஆம் தேதி காலை. மாற்றத்தைக் கொண்டுவரும் என் திறமையை அல்ல, உங்கள் திறமையை நம்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் மூன்று துண்டு வாக்கியங்கள்: எஸ் வி கேன், எஸ் வி டிட், எஸ் வி கேன். முதலாவதும் மூன்றாவதும் ஒன்பது ஆண்டாகக் கைவசம் இருந்தவை. நடுவில் வந்ததற்கு இலக்கணம் தரும் விடை ‘நம்மால் முடிந்தது’. ஆனால் தமிழில் ‘முடிந்தது’ என்றால் இயன்றது என்றும் பொருள், தீர்ந்துபோனது என்றும் பொருள். ‘நம்மால் முடிந்தது இவ்வளவுதான்’ என்று கைவிரிப்பதும் அதே சொல்லில்தான். பத்து நாளில் டொனால்ட் டிரம்ப் பதவியேற்கவிருந்த காலையில் அந்தச் சொல் டிக்கரில் ஓடினால் எப்படிப் படிக்கப்படும் என்பதில் சந்தேகமே இல்லை. எட்டுப் பத்தி அகலத் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான சிலேடை கிடைக்காது. ஆனால் அது அவர் சொன்னதல்ல. ‘நம்மால் முடியும். செய்தும் காட்டினோம். நம்மால் முடியும்.’ ‘காட்டினோம்’ என்ற விகுதிக்குள் மறுபடியும் நாமும் உண்டு, நாங்களும் உண்டு. அந்த ஓர் இடத்தில் தமிழும் முடிவு சொல்லாமல் விட்டுவிடுகிறது.